ஊசிக்கும் ரிப்போர்ட்டுக்கும் நடுவே

நேயர்களுக்கு வணக்கம்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும், "எந்த மெஷின்ல பார்த்தாங்க?" என்று விசாரிப்பவர்கள் நிறையப் பேர். புது மெஷின், ஜெர்மன் மெஷின், ஜப்பான் மெஷின் என்று லேப்காரர்களும் வாசலில் எழுதி வைக்கிறார்கள். உயிர்வேதியியல் ஆய்வகத்திலேயே காலம் தள்ளியவள் நான். மெஷினைப் பற்றி எனக்கு அதிகக் கவலை கிடையாது. அது தனக்குள் ஊற்றப்பட்டதை ஒழுங்காகத்தான் அளக்கும். ஊற்றப்பட்டது என்ன, எவ்வளவு, எந்த நிலையில் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. லேப் தவறுகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் அதுதான்: பாதிக்கும் மேற்பட்ட தவறுகள், ரத்தம் மெஷினுக்குள் போவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன.

ஆகவே இன்றைக்குப் பெரிய மெஷின்களை ஓரமாக வைத்துவிட்டு, ரத்தம், சிறுநீர் போன்ற திரவங்களைக் கையாளும் சின்னச் சாமான்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். முதலில் பிப்பெட், அதாவது திரவத்தைச் சிறு அளவில் அளந்து எடுத்து ஊற்றும் கருவி.

சர்க்கரைப் பரிசோதனையையே எடுத்துக்கொள்வோம். கையால் செய்யும் முறையில், 1 மில்லி லிட்டர் மருந்துக் கரைசலில் 10 மைக்ரோலிட்டர் சீரம் (ரத்தம் உறைந்த பிறகு மேலே பிரிந்து நிற்கும் தெளிந்த நீர்) சேர்ப்போம். நிறம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துச் சர்க்கரையைக் கணக்கிடுவோம். மைக்ரோலிட்டர் என்பது மில்லி லிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சொட்டு மருந்துக் குப்பியில் இருந்து விழும் ஒரு சொட்டு, சுமாராக 50 மைக்ரோலிட்டர் இருக்கும். அப்படியானால் நமக்கு வேண்டியது அந்தச் சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதில் 10-க்குப் பதில் 11 போய்விட்டது என்று வையுங்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் வெறும் வயிற்றில் 115 இருக்க வேண்டியவருக்கு ரிப்போர்ட்டில் 126 வந்து நிற்கும். 126 என்பது சர்க்கரை நோய் என்று சொல்வதற்கு வைத்திருக்கும் எல்லைக்கோடு. மறுபடி ஒருமுறை பார்க்காமல் எந்த டாக்டரும் முடிவு கட்ட மாட்டார் என்றாலும், அதுவரை அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கப் போவதில்லை.

இவ்வளவு சிறிய அளவை முன்பு எப்படி எடுத்தார்கள்? வாயால் உறிஞ்சித்தான். மெல்லிய கண்ணாடிக் குழாய், அதன் மேல் முனையில் ஒரு ரப்பர் டியூப், அதன் நுனியை வாயில் வைத்துக்கொண்டு கோடு வரைக்கும் இழுப்பது. ஹீமோகுளோபின் பார்க்கும் சாலி பிப்பெட்டைப் பழைய ஆட்கள் பார்த்திருப்பீர்கள். 20 மைக்ரோலிட்டருக்கு ஒரே ஒரு கோடு இருக்கும். ஒரு கணம் கவனம் சிதறினால் ரத்தம் ரப்பர் டியூப் வரைக்கும் ஏறிவிடும். ரத்தத்தோடு போயிற்றா என்றால் அதுவும் இல்லை. சிறுநீர், கிருமி வளர்த்த திரவம், அமிலம், சயனைடு கலந்த கரைசல் எல்லாவற்றையும் இப்படி வாயால் இழுத்த காலம் உண்டு. டைஃபாய்டு கிருமிக் கரைசலை வாய்க்குள் இழுத்துவிட்டு நோயில் விழுந்த மருத்துவரைப் பற்றிய குறிப்பு 1893-லேயே இருக்கிறது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இந்தப் பழக்கம் போகவில்லை. வாயால் பிப்பெட் செய்யக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வகப் பாதுகாப்புக் கையேடு திட்டவட்டமாகச் சொல்கிறது. அதைச் சொல்ல வேண்டிய நிலை இருந்தது என்பதே எனக்கு ஆச்சரியம்.

இதற்கு மாற்று கண்டுபிடித்தவர் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர் என்ற இளம் ஜெர்மன் மருத்துவர். 1957-ல் மார்புர்க் பல்கலைக்கழகத்தில், தியோடோர் பூஹர் நடத்திய ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நாள் முழுக்கச் சின்னச் சின்ன அளவுகளை வாயால் இழுத்து இழுத்து ஊற்ற வேண்டிய வேலை. அவருக்கு எரிச்சல். சில நாள் ஆய்வகத்துப் பக்கம் ஆளைக் காணவில்லையாம். வந்தபோது கையில் ஒரு கருவியோடு வந்தாராம். உள்ளே ஒரு பிஸ்டன், அதைத் திரும்ப மேலே தள்ள ஒரு ஸ்பிரிங், கீழே கழற்றி எறியக்கூடிய பிளாஸ்டிக் முனை. கட்டை விரலால் அமுக்கி விட்டால் போதும், அளந்த அளவு உள்ளே வரும். அந்த முனையைத்தான் நாங்கள் டிப் என்கிறோம்.

இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், திரவம் பிஸ்டனைத் தொடுவதே இல்லை. நடுவில் ஒரு காற்றுப் படலம் இருக்கிறது. பிஸ்டன் காற்றை இழுக்கிறது, காற்று திரவத்தை இழுக்கிறது. திரவம் தொடுவது டிப்பை மட்டும். ஒரு நோயாளியின் ரத்தம் முடிந்ததும் டிப்பைத் தட்டிவிட்டு அடுத்தவருக்குப் புதிது போட்டுக்கொள்ளலாம். இரண்டாவதாக ஒரு ஸ்பிரிங்கும் வைத்தார். முதல் அமுக்கில் அளவு வெளியேறும், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கடைசித் துளியும் காற்றோடு வந்துவிடும். அந்தக் கருவியைத் தயாரிக்கும் உரிமையை வாங்கி ஹாம்பர்க்கின் எப்பென்டார்ஃப் நிறுவனம் தயாரிக்க ஆரம்பித்தது. இன்றைக்கு உலகத்தில் எந்த லேபுக்குள் நுழைந்தாலும் அவருடைய பிள்ளைகள்தான் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருக்கும். அவர் அதையெல்லாம் பார்க்க இருக்கவில்லை. 1964-ல், நாற்பது வயதுகூட நிரம்பாத நிலையில், நீரில் மூழ்கி இறந்துபோனார். திருகி அளவை மாற்றிக்கொள்ளும் பிப்பெட் அதற்குப் பிறகு 1970-களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் இருந்து வந்தது.

கருவி வந்தாயிற்று, கை சரியாக இருக்க வேண்டுமே! புதிதாக வரும் பிள்ளைகள் செய்யும் முதல் தவறு இது: கட்டை விரலை இரண்டாவது நிறுத்தம் வரைக்கும் அமுக்கிவிட்டு டிப்பை சீரத்துக்குள் விடுவார்கள். அளவுக்கு மேல் ஏறிவிடும். முதல் நிறுத்தத்தில் விரல் நிற்க வேண்டும். டிப் இரண்டு மூன்று மில்லி மீட்டர்தான் முங்க வேண்டும். ஆழமாக முக்கினால் வெளிப்பக்கம் ஒட்டுகிற சீரமும் கூடவே வரும். பிப்பெட் செங்குத்தாக இருக்க வேண்டும். விரலைப் படக்கென்று விட்டால் காற்றுக்குமிழி ஏறும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த சில்லென்ற கரைசலை உடனே எடுத்தால், அந்தக் காற்றுப் படலம் சுருங்கி அளவு தடுமாறும். போன் பேசிக்கொண்டே பிப்பெட் பிடிக்கும் ஆட்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

பிப்பெட் சரியாக அளக்கிறதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. 100 மைக்ரோலிட்டர் சுத்தமான தண்ணீரின் எடை ஏறக்குறைய 100 மில்லி கிராம். நுட்பமான தராசில் பத்து முறை எடுத்து வைத்து எடை போட்டால் பிப்பெட்டின் குணம் தெரிந்துவிடும். இதற்கு ஐ.எஸ்.ஓ. 8655 என்று சர்வதேசத் தரநிலையே இருக்கிறது. லேப் நடத்துகிற யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் பிப்பெட்டை கடைசியாக எப்போது எடை போட்டுப் பார்த்தீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

காற்றுக்குமிழி எங்களுக்கு எதிரி என்றேன் அல்லவா? அதையே கூட்டாளியாக வைத்துக்கொண்ட ஒருவரும் இருந்தார். அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் லியோனார்ட் ஸ்கெக்ஸ். ஒரே நீளமான குழாயில் ஒருவர் பின் ஒருவராக நோயாளிகளின் மாதிரிகளை ஓடவிட வேண்டும், ஆனால் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. நடுநடுவே காற்றுக்குமிழிகளை விட்டார். குமிழி தடுப்புச் சுவராகவும் நின்றது, முந்தைய மாதிரியின் மிச்சத்தைக் குழாய்ச் சுவரில் இருந்து துடைத்துக்கொண்டும் போனது. டெக்னிகான் நிறுவனம் 1957-ல் அதை ஆட்டோ அனலைசர் என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஷ்னிட்கரின் பிப்பெட்டும் அதே ஆண்டு என்பது எனக்குப் பிடித்த தற்செயல்.

இப்போது ஓடும் மெஷின்களில் உறிஞ்சும் ஊசியே பிப்பெட். திரவத்தின் மேல்மட்டத்தைத் தொட்டதும் அதற்கு மின் சமிக்ஞை வரும், அங்கே நின்று உறிஞ்சும். டியூபில் நுரை இருந்தால் பாவம், நுரையையே சீரம் என்று நம்பிக் காற்றை உறிஞ்சிக்கொண்டு போகும். சரியாக உறையாத ரத்தத்தில் இருந்து பிரித்த சீரத்தில் ஃபைப்ரின் என்ற, ரத்தம் உறையும்போது உண்டாகும் புரதம் மெல்லிய நார் மாதிரி மிதக்கும், அது ஊசியை அடைக்கும். சாதாரண சிவப்பு மூடி டியூபில் ரத்தம் உறைய அரை மணி நேரமாவது வேண்டும். "ரிப்போர்ட் சீக்கிரம் வேணும் மேடம்" என்று கவுன்ட்டரில் நிற்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது தனி வேலை.

மூடியின் நிறம் என்றதும் டியூப்களுக்கு வருகிறேன். ரத்தம் எடுக்கும்போது ஊதா, சிவப்பு, மஞ்சள், சாம்பல், வெளிர் நீலம் என்று நாலைந்து டியூப்கள் அடுக்கியிருப்பார்களே, அந்த நிறங்கள் அழகுக்கு இல்லை. உள்ளே இருக்கும் மருந்தைச் சொல்பவை. ஊதாவில் ஈ.டி.டி.ஏ. என்ற பொருள் பொட்டாசியம் உப்பாக இருக்கிறது. ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துவைத்து உறையாமல் தடுக்கும். ரத்த அணுக்களை எண்ணுவதற்கு அது பிரமாதம். ஒரு சமயம், வெளியில் ஓர் இடத்தில் எடுத்து அனுப்பிய மாதிரியில் பொட்டாசியம் 14-க்கு மேல் வந்தது, கால்சியம் இருந்த இடம் தெரியவில்லை. பொட்டாசியம் 5-ஐத் தாண்டினாலே டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். 14 என்றால் இதயம் நின்றிருக்க வேண்டும். விசாரித்தால், அந்த அம்மா ரத்தம் கொடுத்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போய் சமையலையே முடித்திருந்தார். நடந்தது இதுதான்: சிவப்பு டியூபில் ரத்தம் போதவில்லை என்று, ஊதாவில் இருந்து கொஞ்சம் அதில் சாய்த்திருக்கிறார்கள். ரத்தத்தோடு ஈ.டி.டி.ஏ.வும் பொட்டாசியமும் சேர்ந்தே வந்துவிட்டன. மெஷின் பொய் சொல்லவில்லை. டியூபில் இருந்ததை அப்படியே சொன்னது.

வெளிர் நீல டியூபில் வேறு கணக்கு. 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட், அதுவும் ரத்தத்தை உறையாமல் தடுக்கும் பொருள்தான். அதனால்தான் அதில் கோடு வரைக்கும் நிரப்பியே ஆக வேண்டும். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த டியூப்தான். அரைகுறையாக நிரப்பினால் சிட்ரேட் மிஞ்சிப்போய், ரத்தம் உறைய அதிக நேரம் ஆவதாகக் காட்டும். டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாம்பல் மூடி சர்க்கரைக்கு. டியூபுக்குள் வந்த பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. சாதாரண டியூபில் அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். 126 இருந்த ரத்தம் இரண்டு மணி நேரம் மேஜையில் கிடந்தால் 110 சொச்சத்துக்கு இறங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் டியூபில் ஃபுளோரைடு. அதுவும் போட்ட உடனே வேலை செய்து முடிப்பதில்லை, முதல் ஓரிரு மணி நேரம் சர்க்கரை கொஞ்சம் கரையத்தான் செய்யும். தூரத்து ஊர்களில் காலையில் ரத்தம் எடுத்து, பையில் போட்டு, பைக்கில் சுற்றி மதியம் லேபுக்குக் கொண்டுவருகிற ஏற்பாடுகளில் எனக்கு உள்ள சந்தேகம் இதுதான். சென்ட்ரிஃபியூஜில், அதாவது டியூபை வேகமாகச் சுழற்றும் கருவியில் போட்டு அணுக்களை உடனே பிரித்து அனுப்பினால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது.

இன்னொன்று, சிரிஞ்சில் எடுத்த ரத்தத்தை ஊசியோடு டியூபுக்குள் வேகமாகப் பீய்ச்சுவது. சிவப்பணுக்கள் உடையும். அணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியில் இருப்பதைப் போல இருபது மடங்குக்கு மேல். பிறகு சீரம் ரோஸ் நிறத்தில் நிற்கும், பொட்டாசியம் ஏறியிருக்கும். உள்ளே வெற்றிடம் வைத்த டியூப்கள் இதற்கு நல்ல மாற்று. 1940-களின் கடைசியில் வந்த யோசனை அது. எவ்வளவு ரத்தம் வேண்டுமோ அவ்வளவை டியூபே இழுத்துக்கொள்ளும், யாரும் பீய்ச்ச வேண்டியதில்லை.

லேப்களைச் சோதிக்கவும் ஆள் இருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யில் இருந்து நாடு முழுவதும் உள்ள லேப்களுக்கு ஒரே சீரத்தை அனுப்பி, யாருக்கு என்ன விடை வருகிறது என்று ஒப்பிடும் திட்டம் நடக்கிறது. இத்தகைய சோதனை சீரம் உலர்த்திய பொடியாக வருவதுண்டு. அதில் 5 மில்லி தண்ணீர் ஊற்றிக் கரைக்க வேண்டும். அந்த 5 மில்லியை அளப்பதில் பிசகினால், அந்த மாதத்து விடைகள் அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். பழக்கப்பட்ட கண்ணுக்கு அந்தச் சாய்வைப் பார்த்ததுமே தெரியும், இது மெஷின் கோளாறு இல்லை, தண்ணீர் ஊற்றிய கை என்று.

நேயர்கள் பக்கம் செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. ரத்தம் எடுக்கும்போது கையை மூடி மூடித் திறக்காதீர்கள், அதிலேயே பொட்டாசியம் ஏறும். கையில் கட்டும் ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்குள் அவிழ்த்துவிட வேண்டும். டியூபில் உங்கள் பெயரை உங்கள் கண் முன்னால் எழுதச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

24 மணி நேரச் சிறுநீர் சேர்க்கச் சொன்னால், அதில்தான் அதிகக் குழப்பம். காலை 6 மணிக்கு ஆரம்பிப்பதாக வைத்துக்கொண்டால், அந்த 6 மணிச் சிறுநீரைக் கேனில் பிடிக்கக் கூடாது, வெளியே விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு போவதெல்லாம் கேனுக்குள். மறுநாள் காலை 6 மணிக்குப் போவதோடு முடித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு தடவை வெளியே போய்விட்டால் மறைக்காமல் லேபில் சொல்லிவிடுங்கள், மறுநாள் மறுபடி ஆரம்பிக்கலாம். கேனை லேபிலேயே கேட்டு வாங்குங்கள், குளிர்பான பாட்டில் வேண்டாம்.

நன்றி, வணக்கம்.