நட்சத்திரமும் பதிவேடும்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்ற கோடையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்கள் நுகர்வோர் சங்கத்துக்கு வந்தார். அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி பழுதாகியிருந்தது. தயாரித்த நிறுவனத்தின் பெயரோடு 'கஸ்டமர் கேர்' என்று கைப்பேசியில் தட்டி, முதலில் வந்த எண்ணை அழைத்திருக்கிறார். மறுமுனையில் பேசியவர் மிகுந்த பணிவோடு, புகாரைப் பதிவு செய்யப் பத்து ரூபாய் மட்டும் செலுத்த வேண்டும் என்று சொல்லி, அதற்கென ஒரு செயலியை இறக்கிக்கொள்ளச் சொன்னார். நம் திரையில் தெரிவதையெல்லாம் எதிராளிக்கும் அப்படியே காட்டும் செயலி அது. அரை மணி நேரத்தில் அவருடைய கணக்கிலிருந்து நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் போய்விட்டது. பணம் போனதைவிட அவரை வருத்தியது வேறொன்று. "ஐயா, யாரோ சொன்னதைக் கேட்டு நான் ஏமாறவில்லை, நானே தேடித்தானே அந்த எண்ணை எடுத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இன்று நான் பேச வந்தது அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். நாமே தேடி எடுத்தது என்பதாலேயே ஒரு தகவல் சரிபார்க்கப்பட்டதாகிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தேடல் பக்கத்தின் உச்சியில் நிற்பவை பெரும்பாலும் பணம் கொடுத்து இடம் பிடித்த விளம்பரங்கள். அவை விளம்பரம் என்பது சிறிய எழுத்தில் ஓர் ஓரத்தில்தான் இருக்கும். இணைய வரைபடங்களில் ஒரு கடையின் தொலைபேசி எண்ணை மாற்றும்படி எவர் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். ஆகவே பழுது பார்க்கும் சேவைக்கான எண்ணை இணையத்தில் தேடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த எண் உத்தரவாத அட்டையில் இருக்கிறது. பொருளோடு வந்த கையேட்டில் இருக்கிறது. பல சாதனங்களில் பின்புறத்து ஒட்டுத்தாளிலும் இருக்கிறது. யுபிஐ ரகசிய எண்ணைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பணம் அனுப்பத்தான் அந்த எண் தேவை, பணம் பெறுவதற்குத் தேவையே இல்லை.

அடுத்து, நட்சத்திரங்களுக்கு வருகிறேன். மிக்சி வாங்குவதானாலும், திருமணத்துக்குச் சமையல்காரரை அமர்த்துவதானாலும், முதலில் நட்சத்திரத்தைத்தான் பார்க்கிறோம். அந்த நட்சத்திரங்களை யார் போட்டார்கள் என்பதை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. பொருள் வந்த பெட்டிக்குள்ளேயே, 'ஐந்து நட்சத்திரம் கொடுத்துப் படம் அனுப்பினால் நூறு ரூபாய்' என்று அச்சிட்ட அட்டை இருந்ததைப் பலர் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், விற்பனையாளரே நுகர்வோர் போல நடித்துக் கருத்து எழுதுவதைத் தடை செய்கின்றன. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம், இணையக் கருத்துகளை எவ்வாறு திரட்ட வேண்டும், சரிபார்க்க வேண்டும், வெளியிட வேண்டும் என்பதற்கென ஐ.எஸ். 19000 என்ற தர வரையறையையே வெளியிட்டது. ஆனால் அதைப் பின்பற்றுவது நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. ஆகவே பிரித்தறியும் வேலை இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.

கருத்துரைகளை நான் படிக்கும் முறையைச் சொல்கிறேன். ஐந்து நட்சத்திரக் கருத்துகளை நான் பெரும்பாலும் கடந்துவிடுவேன். ஒற்றை நட்சத்திரக் கருத்துகளில் பாதி, பொருளைப் பற்றியதாக இல்லாமல், கொண்டுவந்து சேர்த்தவர் தாமதித்ததைப் பற்றியதாக இருக்கும். நடுவில் நிற்கும் இரண்டு, மூன்று நட்சத்திரக் கருத்துகளில்தான், ஒரு பொருளோடு வாழ்ந்து பார்த்தவர்களின் குரல் கேட்கும். "மாவு நன்றாக அரைக்கிறது, ஆனால் எட்டு மாதத்தில் மூடியின் ரப்பர் தளர்ந்துவிட்டது, அந்த ரப்பர் தனியாகக் கிடைக்கவில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தால், அந்த ஒரு வரி எனக்கு நூறு புகழுரைகளைவிடப் பயன்படும். தேதி வாரியாக அடுக்கிப் பார்ப்பதும் அவசியம். ஒரே வாரத்தில், ஒரே விதமான சொற்களில், குவியலாக வந்த பாராட்டுகளைப் பார்த்தால் அந்தப் பொருளை நான் வாங்குவதில்லை.

கருத்துகள் எவ்வளவு நேர்மையானவையாக இருந்தாலும் அவை கருத்துகளே. அவற்றுக்கு அப்பால், நம் நாட்டில் பொதுமக்கள் எவரும் கட்டணமின்றிப் பார்க்கக்கூடிய பதிவேடுகள் இருக்கின்றன. அவற்றைத் திறந்து பார்ப்பவர்கள் மிகச் சிலரே என்பதுதான் எனக்குள்ள பெரிய ஆதங்கம்.

தங்க நகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் நகையென்று விற்கப்படும் ஒவ்வொன்றிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளக் குறியீடு இருந்தாக வேண்டும். தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த ஆறு இலக்கங்களைத் தட்டினால், அது எவ்வகை நகை, அதன் தூய்மை என்ன, எந்த மையத்தில் சோதிக்கப்பட்டது என்ற விவரங்கள் வரும். உங்கள் கையில் வளையல் இருக்க, செயலி மோதிரம் என்று காட்டுமானால், கடைக்காரரிடம் அங்கேயே விளக்கம் கேட்கலாம். கடைகளில் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள். கேட்டு வாங்கிப் பாருங்கள். சவரனுக்கு இவ்வளவு கொடுத்து வாங்கும்போது இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

அதே செயலியில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வரும் உரிம எண்ணையும் சரிபார்க்கலாம். பிரஷர் குக்கர், இருசக்கர வாகனத் தலைக்கவசம் போன்ற, உயிரோடு தொடர்புடைய பொருள்களுக்கு இதைத் தவறாமல் செய்ய வேண்டுகிறேன். பெரிய தளத்தில் விற்கிறார்கள், அதனால் தரமாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். தர முத்திரை கட்டாயமாக்கப்பட்ட பிறகும் அது இல்லாத குக்கர்கள் தங்கள் தளங்களில் விற்கப்பட இடமளித்ததற்காக, 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முன்னணி மின்வணிக நிறுவனங்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்ததோடு, வாங்கியவர்களிடமிருந்து அவற்றைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தரும்படியும் உத்தரவிட்டது.

மின்சாதனங்களில் ஒட்டப்படும் அரசின் மின்சிக்கன நட்சத்திரச் சீட்டையும் முழுமையாகப் படிக்க வேண்டும். அந்த நட்சத்திரத்துக்கு ஒரு காலவரம்பு உண்டு. 2022 ஜூலையில் ஏசிக்கான அளவுகோல் கடுமையாக்கப்பட்டபோது, அதுவரை ஐந்து நட்சத்திரம் பெற்றிருந்தவை கீழே இறங்கின. ஆகவே பழைய இருப்பைத் தள்ளுபடியில் வாங்குவோர், சீட்டில் உள்ள காலத்தைப் பார்த்தே ஒப்பிட வேண்டும். ஏசியின் சீட்டில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பது 1600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. இரவுக்கு எட்டு மணி நேரம் என்றால் இருநூறு இரவுகள். வேலூரிலோ திருச்சியிலோ மார்ச்சில் போட்ட ஏசியை அக்டோபர் வரை நிறுத்தாதவர்களுக்கு அந்தக் கணக்கு போதாது; அவர்கள் மின்கட்டணத்தை அதற்கேற்பக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

பொருள்களைவிட மனிதர்களின் சேவையைத் தேர்ந்தெடுப்பது கடினம். தோல் சிகிச்சை, முடி நடுதல் என்று வரும் கவர்ச்சியான காணொளிகளைப் பார்த்து முன்பதிவு செய்யும் இளைஞர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: உங்களுக்குச் சிகிச்சை அளிக்கப்போகிறவரின் பெயர் தெரியுமா? பெரும்பாலும் நிறுவனத்தின் பெயர்தான் தெரிந்திருக்கும். மருத்துவரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் அவர் பதிவு பெற்ற மருத்துவரா என்பது தெரிந்துவிடும். பதிவு எண்ணைத் தரத் தயங்கும் இடத்துக்கு எத்தனை நட்சத்திரம் இருந்தாலும், அங்கே உங்கள் உடலை ஒப்படைக்காதீர்கள். வீடு, மனை வாங்குவோருக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளமும், உணவுப் பொட்டலம் வாங்குவோருக்கு அதன் மீதுள்ள பதினான்கு இலக்க உரிம எண்ணும் இவ்வாறே உதவும்.

வாங்கும் தருணத்தில் நம்மை அவசரப்படுத்தும் உத்திகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'இன்னும் இரண்டே மீதம்' என்று பொய்யாகப் பதறவைப்பது, நாம் கேட்காத காப்பீட்டைக் கூடையில் சேர்த்துவிடுவது, கடைசித் திரையில் மட்டும் கூடுதல் கட்டணத்தைக் காட்டுவது, எளிதில் சேரவிட்டு விலக முடியாதபடி சந்தாவில் சிக்கவைப்பது உள்ளிட்ட பதின்மூன்று உத்திகளை, 2023 நவம்பரில் வெளியான வழிகாட்டு நெறிகள் வரிசைப்படுத்தித் தடை செய்திருக்கின்றன. இப்படி எதையாவது கண்டால் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடுங்கள். அங்கே தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கு வழக்குக் கட்டணம் கிடையாது.

பணத்தையே இழந்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணை அழைக்க வேண்டும். உடனே வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, நம் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், நாம் வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும். அந்த ஆசிரியை, வெட்கத்தால் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல், இரண்டு நாள் கழித்துத்தான் எங்களிடம் வந்தார். புகாரை அன்றே பதிவு செய்தோம். பணம் இன்னும் திரும்பவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் உண்மையான சேவை எண், அவர் வீட்டு அலமாரியில் இருந்த உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தில் இருந்தது. இப்போது வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களின் எண்களையும் எரிவாயுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவர் தம் கையால் எழுதி வைத்திருக்கிறார்.

வணக்கம்.