வலது ஓரத்தில் காத்திருந்தவர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

முப்பத்தைந்து ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். எந்தப் பள்ளிக்கு மாற்றலாகிப் போனாலும் கால்பந்துக்கு அணி பிரிக்கும்போது ஒரே காட்சிதான். வாட்டசாட்டமான பையன்கள் நடுவில் இடம் பிடித்துக்கொள்வார்கள். மிச்சமிருக்கும் ஒல்லிப் பையனை, "நீ ஓரமாகப் போய் நில்லடா" என்று அனுப்பிவிடுவார்கள். அவன் சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி நிற்பான். பந்து வராது. பத்து நிமிடமானாலும் வராது. கட்டை விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டே நிற்பான். அப்படி நின்ற ஒவ்வொரு பையனிடமும் நான் ஒரு பெயரைச் சொல்லியிருக்கிறேன். ஸ்டான்லி மேத்யூஸ். இன்று உங்களிடமும் அவரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் ஸ்டோக் என்றொரு ஊர். பீங்கான் பாத்திரங்களுக்குப் பேர்போன சூளைகளின் ஊர். அதில் ஹான்லி என்ற பகுதியில் 1915 பிப்ரவரி 1ஆம் தேதி பிறந்தவர் மேத்யூஸ். தந்தை ஜாக் முடிதிருத்துபவர், குத்துச்சண்டை வீரரும்கூட. விடியற்காலையில் மகனை எழுப்பி, ஜன்னலைத் திறந்துவைத்து, மூச்சுப் பயிற்சி செய்யவைப்பாராம். அந்த ஜன்னலை மறந்துவிடாதீர்கள், பிறகு அங்கே திரும்பி வருவேன்.

17 வயதில், 1932இல், ஸ்டோக் சிட்டி அணிக்காக முதல் லீக் ஆட்டம். இடம், வலதுபக்க விங்கர். விங்கரின் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மைதானத்தின் ஓரத்தில் நிற்க வேண்டும். பந்து வந்ததும் எதிரே நிற்கும் பின்கள வீரரைத் தாண்டி, கோல் கம்பத்துக்கு முன்னால் ஓடிவரும் தன் அணிக்காரருக்குப் பந்தைத் தர வேண்டும். சொல்ல எளிது. அந்த ஒருவரைத் தாண்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது.

எப்படித் தாண்டினார்? நேயர்களே, நீங்கள் ஒரு குறுகலான சந்தில் நடந்துபோகிறீர்கள். எதிரே ஒருவர் வருகிறார். அவருக்கு வழிவிட நீங்கள் இடதுபக்கம் ஒதுங்குகிறீர்கள். அவரும் அதே பக்கம் ஒதுங்குகிறார். வலதுபக்கம் போகிறீர்கள், அவரும் அங்கேயே வருகிறார். இருவரும் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நம் எல்லோருக்கும் நடந்ததுதான். மேத்யூஸின் வித்தை முழுவதும் அந்தச் சந்துக்குள் இருக்கிறது. பந்தோடு வேகமாகப் பாய்ந்து வரமாட்டார். மெதுவாக, ஏறக்குறைய நின்றுவிட்டாரோ என்று தோன்றும்படி, எதிராளியின் அருகில் வருவார். தோள் இடதுபக்கம் சாயும். இடுப்பும் சாயும். எதிராளி அதை நம்பித் தன் எடையை அந்தப் பக்கத்துக் காலில் ஊன்றுவார். ஊன்றிய காலை உடனே எடுக்க முடியாது. அந்த நொடியில் வலது காலின் வெளி விளிம்பால் பந்தை வலதுபக்கம் தள்ளிவிட்டு மேத்யூஸ் பறந்திருப்பார். முதல் பத்து கஜத்தில் அவரைப் பிடிக்க ஆள் இல்லை.

விஷயம் எதிராளிக்கும் தெரியும், மைதானத்தில் இருப்பவர்களுக்கும் தெரியும். வலதுபக்கம்தான் போகப்போகிறார் என்று தெரிந்தே ஏமாந்தார்கள்! எதிராளி முதலில் முடிவெடுக்கும்வரை இவர் காத்திருந்தார், அவ்வளவுதான். 

1938இல் அவர் ஸ்டோக்கை விட்டுப் போக விரும்புகிறார் என்றதும், போகக் கூடாது என்று ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் கூட்டம் போட்டார்கள். பிறகு உலகப் போர் வந்தது. ஒரு வீரரின் நல்ல வயது ஆறு ஆண்டுகள் அதில் போயிற்று. 1947இல் 11,500 பவுண்டுக்கு பிளாக்பூல் அணி அவரை வாங்கியபோது அவருக்கு வயது 32. அந்தப் பணம் ஸ்டோக்குக்குப் போனது. வீரருக்கு வாரச் சம்பளம்தான். அதற்கும் உச்சவரம்பு இருந்தது. 1961இல் அந்த வரம்பை நீக்கியபோதுகூட அது 20 பவுண்டாகத்தான் இருந்தது. இவரைப் பார்க்கவென்றே டிக்கெட் வாங்கி மைதானங்கள் நிரம்பின என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் ஆறவில்லை.

இப்போது 1953 மே 2. வெம்ப்ளி மைதானம். இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டம். பிளாக்பூலும் போல்டனும். இந்த ஒரு ஆட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

மேத்யூஸுக்கு வயது 38. 1948இல் இறுதி வரை வந்து தோற்றார். 1951இல் மறுபடி வந்து தோற்றார். இந்தக் கோப்பையின் பதக்கத்தை வாங்க வேண்டும் என்பது 1945இல் இறந்துபோன தந்தையின் கடைசி ஆசை. அடுத்த மாதம் ராணிக்கு முடிசூட்டு விழா. அதைப் பார்ப்பதற்காகப் பல வீடுகளில் புதிதாகத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியிருந்தார்கள். அந்தப் பெட்டிகளின் முன்னால் நாடே உட்கார்ந்திருந்தது.

ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடத்துக்குள் போல்டன் முதல் கோல் போட்டுவிட்டது. இரண்டாவது பாதியில் மூன்றுக்கு ஒன்று என்று போல்டன் முன்னிலையில் இருந்தது. மீதி இருந்தது இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரர் கிடையாது. அடிபட்டவரும் நொண்டியபடியே ஆட வேண்டும். போல்டனின் எரிக் பெல்லுக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. அந்தக் காலோடுதான் அவர் தலையால் முட்டி மூன்றாவது கோலைப் போட்டார். பின்களத்தில் இடதுபக்கம் நின்ற ரால்ஃப் பாங்க்ஸுக்கும் காலில் தசைப்பிடிப்பு வந்தது. போல்டனின் இடதுபக்கம் என்றால் யாருக்கு எதிரே? மேத்யூஸுக்கு எதிரே.

பிளாக்பூலின் எர்னி டெய்லர் என்ற குள்ளமான ஆட்டக்காரர் நடுவிலிருந்து பந்தை ஓயாமல் வலது ஓரத்துக்கே அனுப்பினார். இந்த டெய்லரை யாரும் பேசுவதில்லை, நான் பேசுவேன். அனுப்ப ஆளில்லை என்றால் ஓரத்தில் நிற்பவன் ஒன்றும் இல்லை. 68ஆவது நிமிடத்தில் மேத்யூஸ் தூக்கி அனுப்பிய பந்தை போல்டன் கோல்கீப்பர் நழுவவிட, பிளாக்பூலின் ஸ்டான் மார்டென்சன் பாய்ந்து உள்ளே தள்ளினார். 89ஆவது நிமிடத்தில் மார்டென்சன், எதிரணியின் தவறுக்காகக் கிடைத்த ஃப்ரீ கிக்கை நேராக வலைக்குள் அடித்தார். மூன்றுக்கு மூன்று. கூடுதல் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. டெய்லரிடமிருந்து பந்து வலது ஓரம் வந்தது. மேத்யூஸ் பாங்க்ஸை நோக்கி வந்தார். தோள் சாய்ந்தது. பாங்க்ஸ் ஏமாந்தார். கோட்டருகே போய்ப் பந்தைப் பின்னால் இழுத்து அனுப்பும்போது மேத்யூஸின் கால் வழுக்கியது. விழுந்துகொண்டேதான் அனுப்பினார். பில் பெர்ரி ஓடிவந்து அடித்தார். நான்குக்கு மூன்று.

அந்த ஆட்டத்தில் மேத்யூஸ் ஒரு கோலும் போடவில்லை. முதல் பாதியில் போட்ட பிளாக்பூலின் முதல் கோலையும் சேர்த்து மூன்று போட்டவர் மார்டென்சன். ஆனாலும் அந்த ஆட்டத்துக்கு 'மேத்யூஸ் ஃபைனல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அது மார்டென்சனின் ஆட்டம் என்று மேத்யூஸே வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். அவர் சொன்னதும் நியாயம், ஊர் வைத்த பெயரும் நியாயம் என்பது என் கட்சி.

அந்த ஜன்னலுக்கு வருகிறேன். அப்பா அங்கே பழக்கிய ஒழுக்கத்தை மேத்யூஸ் விடவில்லை. புகைபிடிக்கமாட்டார், குடிக்கமாட்டார். திங்கள்கிழமை உபவாசம். காலையில் பிளாக்பூல் கடற்கரை மணலில் ஓட்டம். 1956இல், ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பாலன் டி'ஓர் விருதை முதன்முதலாக ஏற்படுத்தியபோது, அதை வாங்கியவர் இவர். வயது 41. இங்கிலாந்துக்காகக் கடைசியாக ஆடியது 42 வயதில். நடுவர் ஒருமுறைகூட இவரை எச்சரித்துப் பெயர் குறித்ததில்லை. 1961இல் ஸ்டோக் அவரைத் திரும்ப அழைத்தபோது எட்டாயிரத்துச் சொச்சம் பேர் வந்துகொண்டிருந்த மைதானத்துக்கு 35,000க்கும் அதிகமானோர் வந்தார்கள். 1965 பிப்ரவரி 6 அன்று கடைசி லீக் ஆட்டம். வயது 50 முடிந்து ஐந்து நாள்!

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இன்னும் ஒரு நிமிடம் என்று விரல் காட்டுகிறார்கள். ஆப்பிரிக்காவைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கிவிடுகிறேன். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில், கறுப்பின மக்கள் வசித்த சொவெட்டோ என்ற பகுதிக்குப் போய், அங்கிருந்த சிறுவர்களுக்குப் பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார். 'ஸ்டானின் ஆட்கள்' என்று பெயர் வாங்கிய அந்தப் பள்ளிப் பையன்களை 1975இல் விமானம் ஏற்றி பிரேசிலுக்கு அழைத்துப் போனார். அப்போது அவருக்கு வயது 60.

நன்றி, வணக்கம்.