நடந்தால் வலிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறதா?

வணக்கம் நண்பர்களே. ரத்தக்குழாய் அடைப்பு என்றதும் எல்லோருடைய கையும் நெஞ்சுக்குத்தான் போகிறது. இன்றைக்குக் காலில் வரும் அடைப்பைப் பார்ப்போம்.

உங்கள் அப்பா கடைத்தெருவுக்குப் போகும்போது பாதி வழியில் நின்றுவிடுகிறாரா? கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது, சில நிமிடம் நின்றால் விட்டுவிடுகிறது, மறுபடி அதே தூரம் நடந்தால் மறுபடியும் பிடிக்கிறது என்கிறாரா? தயவுசெய்து 'வயதாகிவிட்டது, வாயுப் பிடிப்பு' என்று தைலம் தேய்த்து விட்டுவிடாதீர்கள். நடக்கும்போது தசைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து இறுகிய தமனியால் அதைக் கொடுக்க முடிவதில்லை. முதுகுத்தண்டில் நரம்பு அழுந்தினாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அந்த வலி அடங்க உட்கார வேண்டும், அல்லது குனிய வேண்டும். ரத்தக்குழாய் வலி சும்மா நின்றாலே அடங்கும்.

இதோ, கேமராவை என் பாதத்துக்கு இறக்குகிறேன். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலிருந்து புறங்காலில் மேல்நோக்கிப் போங்கள். பாதி தூரத்தில் இரண்டு விரல்களை லேசாக வையுங்கள். அழுத்தினால் துடிப்பு மறைந்துவிடும். உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னாலும் ஒரு துடிப்பு உண்டு. புறங்கால் துடிப்பு நல்ல உடம்புக்காரர் சிலருக்கே அகப்படாது, பதறாதீர்கள். ஆனால் அதோடு ஒரு பாதம் மட்டும் சில்லிட்டிருந்தால், கீழ்க்காலில் முடி உதிர்ந்து தோல் பளபளத்தால், இரவில் பாதம் வலித்து, கட்டிலிலிருந்து தொங்கவிட்டால்தான் சுகம் என்றால், டாக்டரிடம் போயே ஆக வேண்டும்.

அங்கே கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுப்பார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு என்று பொருள். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய் இறுகிப்போய் 1.4-க்கு மேலேகூடக் காட்டும். அது நல்ல செய்தி இல்லை. கால் விரலில் அழுத்தம் பார்க்கச் சொல்வார்கள்.

சர்க்கரை உள்ளவர்களை நினைத்தால்தான் எனக்கு மனது ஆறுவதில்லை. நரம்பு மரத்துப்போனால் வலியே தெரியாது; ஆறாத புண்தான் முதலில் தெரியும். ஒவ்வொரு முறை டாக்டரிடம் போகும்போதும் அவர் கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் இன்றே நிறுத்துங்கள். காலில் அடைத்தவருக்கு இதயத்திலும் மூளையிலும் அடைக்கும் ஆபத்து அதிகம்.

திடீரென்று ஒரு கால் வெளிறி, சில்லிட்டு, மரத்து, தாங்க முடியாமல் வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்தில் கால் போய்விடும். உடனே 108-ஐ அழையுங்கள்.