பெட்டியைத் தொடாமல் விடுவதே லாபம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் துறைமுக அதிகாரிகளே, சுங்க முகவர் சங்கத்தாரே, லாரி உரிமையாளர் சங்கப் பெரியவர்களே, தூத்துக்குடி வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் ஓட்டுநர் தோழர்களே, வணக்கம். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட ஊர் இது. இங்கே கப்பல் சரக்கைப் பற்றிப் பேசக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அழைப்பிதழில் மூன்று தலைப்பு போட்டிருக்கிறார்கள்: கிரேனுக்கு மின்சாரம், யார்டில், அதாவது கன்டெய்னர் என்கிற சரக்குப் பெட்டிகளை வைக்கும் முற்றத்தில், அடுக்குமுறை, நிற்கும் கப்பலுக்குக் கரை மின்சாரம்.

முதலில் ஒரு கதை. 1956 ஏப்ரல் 26, அமெரிக்காவின் நெவார்க் துறைமுகம். லாரிக் கம்பெனி நடத்திய மால்கம் மெக்லீன், ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் 58 பெட்டிகளை ஏற்றி ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாக ஏற்றினால் டன்னுக்கு ஏறக்குறைய ஆறு டாலர். பெட்டியாக ஏற்றியபோது 16 சென்ட்! மந்திரமா, மாயமா? ஒன்றுமில்லை ஐயா. சரக்கைக் கையால் தொடவில்லை, அவ்வளவுதான். நாமோ இன்று யார்டில் பெட்டியையே தொட்டுத் தொட்டு அந்த லாபத்தைக் கரைக்கிறோம்.

முதல் கோணல் முற்றும் கோணல். ஐந்து அடுக்கில் எந்தப் பெட்டியை முதலில் கேட்பார்கள் என்று தெரியாவிட்டால், சராசரியாக இரண்டு பெட்டியை வீணாக நகர்த்த வேண்டும். அடிப்பெட்டி என்றால் நான்கு. பெட்டியைப் பிடிக்கும் கிரேன் சட்டமான ஸ்பிரெடரோடு சேர்த்து 30 டன்னை 12 மீட்டர் தூக்கக் கணக்குப்படி ஒரு யூனிட் மின்சாரம். மோட்டார், கியர் இழப்பு தனி. இறக்கும்போது திரும்ப வரும் சக்தியையும் பழைய டீசல் கிரேன் ரெசிஸ்டர் என்ற மின்தடையில் சூடாக்கி விரயம் செய்கிறது. கேபிள் போட்டு மின்சாரத்துக்கு மாற்றினால் அதை லைனுக்கே திருப்பலாம். நல்லதுதான். ஆனால் வீண் தூக்கலை மின்சாரத்தில் தூக்கினாலும் வீண்தான்!

ஏற்றுமதியைப் பாருங்கள். கப்பலில் கனமான பெட்டி அடியில் போகும், ஆகவே முதலில் ஏறும். யார்டில் அது மேலே இருக்க வேண்டும். சரிபார்த்த எடை இல்லாமல் பெட்டி கப்பலேறக் கூடாது என்பது 2016 ஜூலை 1 முதல் சட்டம். பெட்டி துறைமுக வாசலுக்கு வந்தபின் அந்த எடைச்சீட்டு வந்தால் என்ன பயன்? பெட்டி அதற்குள் அடியில் போயிருக்கும். முதல் கோணல் முற்றும் கோணல்!

கரை மின்சாரம் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்றைய தீர்மானத்தில் இதைச் சேருங்கள்: லாரி புறப்படும் முன்பே எடையும் கப்பல் பெயரும் யார்டு கணினிக்குப் போக வேண்டும், லாரிக்கு நேரச்சீட்டு கொடுக்க வேண்டும். நேரம் தவறினால் ஓட்டுநர் தலையில் அபராதம் கட்டக் கூடாது. மனு வாசல் மேசையில் இருக்கிறது; கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.