மாநாட்டுக் கட்டுரைக்கு ஆய்விதழில் மறுபிறவி

நேயர்களுக்கு வணக்கம். கருத்தரங்கு ஒன்றில் வாசித்த கட்டுரையை ஆய்விதழுக்கும் அனுப்பலாமா என்று ஆய்வு மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. அது எந்த அளவுக்கு வெளியாகியிருக்கிறது என்று நான் முதலில் திருப்பிக் கேட்பேன். மேடையில் பேசியதோடு முடிந்திருந்தாலும், சுருக்கம் மட்டும் அச்சாகியிருந்தாலும் பெரும்பாலும் சிக்கல் இல்லை. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்துள்ள பரிந்துரைகளும் இதைத் தடையாகக் கருதுவதில்லை. முழுக் கட்டுரையே மாநாட்டுத் தொகுப்பில் வந்துவிட்டால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இதில் துறைக்குத் துறை வழக்கம் வேறுபடுகிறது. மருத்துவத்தில், 1969ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஆசிரியர் இங்கெல்ஃபிங்கர், வேறிடத்தில் வெளியானதைத் தம் இதழ் ஏற்காது என்று அறிவித்தது முதல் இந்தக் கண்டிப்பு வேரூன்றிவிட்டது. கணினி அறிவியலிலோ மாநாட்டுக் கட்டுரைக்கே பெருமதிப்பு உண்டு. ஆனால் பக்க வரம்பு காரணமாகக் கணித நிறுவல்களையும் விரிவான சோதனைகளையும் அங்கே சுருக்க நேர்வதால், அவற்றையெல்லாம் சேர்த்து விரித்தெழுதிய வடிவத்தை ஆய்விதழில் வெளியிடுவது அத்துறையில் ஒளித்துச் செய்யும் காரியமல்ல, ஏற்கப்பட்ட மரபு. ஏசிஎம் என்ற கணினியியல் அமைப்பு, அத்தகைய கட்டுரையில் ஏறத்தாழ 25 விழுக்காடாவது புதிய செய்தி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது.

விழுக்காட்டுக் கணக்கில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. முன்னாய்வுகளைப் பற்றிய பகுதியை நான்கு பக்கம் நீட்டி, வரைபடங்களைப் பெரிதாக்கினால் எந்த விழுக்காட்டையும் எட்டிவிடலாம். அதே வேளையில், முன்பு ஊகமாக விட்டிருந்த ஒன்றை ஒரே பக்கத்தில் நிறுவிக் காட்டுபவர் மெய்யாகவே புதிதாக ஒன்றைத் தருகிறார்.

ஒரே ஆய்வு இரண்டு முறை வெளிவந்தால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு, ஓண்டான்செட்ரான் என்ற வாந்தித் தடுப்பு மருந்தின் கதையைச் சொல்வேன். அம்மருந்து பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு குழு, அவற்றிலிருந்த நோயாளர் தரவுகளில் 28 விழுக்காடு இரட்டிப்பானவை என்று 1997இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியது. பின்னர் வந்த கட்டுரைகள் தம் மூலத்தைச் சுட்டவில்லை. ஆகவே ஒரே நோயாளர்கள் வேறு வேறு ஆய்வுகளின் நோயாளர்களாகத் தோன்றினார்கள். அவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது மருந்தின் திறன் 23 விழுக்காடு மிகையாகத் தெரிந்தது. பழைய கட்டுரையைக் குறிப்பிட்டு ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் இந்தப் பிழையைத் தவிர்த்திருக்கலாம்.

ஆகவே, கட்டுரையை அனுப்பும்போது இதழாசிரியருக்கு எழுதும் கடிதத்திலேயே, இதன் முன்வடிவம் எந்த மாநாட்டுத் தொகுப்பில் வந்தது, இப்போது சேர்த்திருப்பது எது என்று வெளிப்படையாகச் சொல்லி, அந்தப் பழைய கட்டுரையையும் இணைத்துவிடுங்கள். இன்று பல இதழ்கள் ஒப்புமை காட்டும் மென்பொருளில் கட்டுரையை ஓட்டிப் பார்க்கின்றன. உங்கள் கடிதத்தின் வழி முன்கூட்டியே அறிந்த ஆசிரியருக்கு அதே ஒப்புமை வெறும் தகவல், மென்பொருளின் வழி அறிபவருக்கோ அது குற்றச்சாட்டு.

பதிப்புரிமையையும் பலர் மறந்துவிடுகிறார்கள். தொகுப்பின் பதிப்பாளருக்கு அதை எழுதிக் கொடுத்திருந்தால், நீங்களே வரைந்த படத்தை மீண்டும் பயன்படுத்தவும் அவரிடம் அனுமதி பெற வேண்டியிருக்கலாம். கையொப்பமிட்ட படிவத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

ஆசிரியர் பெயரை மறைத்து மதிப்பாய்வு செய்யும் இதழாக இருந்தால், பழைய கட்டுரையைச் சுட்டும்போது உங்கள் அடையாளம் வெளிப்பட்டுவிடுமே என்ற தயக்கம் நியாயமானதுதான். அங்கே ‘எங்கள் முந்தைய கட்டுரை’ என்று எழுதாமல், பிறர் எழுதியதைச் சுட்டுவதுபோலப் படர்க்கையில் குறிப்பிடுங்கள். அது உங்களுடையது என்ற செய்தி இதழாசிரியருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் இருக்கட்டும். வணக்கம்.