உதட்டில் தெரியாத பாதி

பொறியியல் மாணவர்களே, ஆசிரியர்களே, வணக்கம்.

பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, குரல் எழுப்பாமல் 'பாலை' என்று சொல்லுங்கள். அடுத்து 'மாலை' என்று சொல்லுங்கள். அவருக்கு வேறுபாடு தெரியாது. இரண்டுக்கும் உதடுகள் ஒன்றுபோலத்தான் மூடித் திறக்கின்றன. தொண்டை அதிர்கிறதா, மூக்கு வழியே காற்று போகிறதா என்பது வெளியே தெரிவதில்லை. ககரமோ வாய்க்குள்ளே பின்புறம் பிறப்பது, கண்ணுக்கு எட்டாது. உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்கிறார் என்று நாம் வியக்கும் செவித்திறன் குறைந்த மனிதர், உண்மையில் பாதியைப் பார்த்து மீதியை ஊகிக்கிறார். எதிரே இருப்பவருக்கு அடர்ந்த மீசை இருந்துவிட்டால் அந்தப் பாதியும் போயிற்று!

ஹூபர்ட் அப்டன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஹெலிகாப்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தாமே செவித்திறன் குறைந்தவர். 1968இல் அவர் ஒரு மூக்குக்கண்ணாடியைப் பற்றி எழுதினார். ஒலிவாங்கி பேச்சை வாங்கும். மின்சுற்று அதை வகைபிரிக்கும். கண்ணாடியில் உள்ள மிகச்சிறு விளக்குகள் எரியும். குரல் அதிர்ந்தால் ஒரு விளக்கு, காற்று உரசினால் இன்னொன்று. முழுச் சொல்லையும் அது சொல்லாது. உதடு மறைப்பதை மட்டும் சொல்லும். 'மாலை' என்றால் உதடு மூடியிருக்கும்போதே குரல் விளக்கு எரியும். 'பாலை' என்றால் உதடு திறந்த பிறகே எரியும். அவ்வளவு போதும்.

அதற்குச் சற்று முன், 1966இல், செவித்திறன் குறைந்தோருக்கான அமெரிக்கக் கல்லூரியான காலடெட்டின் ஓரின் கார்னெட் மின்சாரமே இல்லாமல் இதைச் செய்தார். ஆங்கிலத்துக்கு எட்டு கைவடிவங்கள், முகத்தருகே நான்கு இடங்கள். உதட்டசைவோடு கையும் சேர்ந்தால் ஒலிகள் பிரிந்து தெரியும். குறை ஒன்றுதான்: பேசுபவரும் கற்றிருக்க வேண்டும்.

இப்போது கணினியே உதட்டைப் படிக்கிறது. 2016இல் ஆக்ஸ்ஃபோர்டில் உருவான லிப்நெட் என்ற மென்பொருள் 95 சதவீதத்துக்கு மேல் சரியாகப் படித்தது என்று செய்தி பரவியது. சோதனைக்கு எடுத்த வாக்கியங்களில் இருந்தவை மொத்தம் 51 சொற்கள் என்பதைச் செய்தியில் தேடித்தான் பார்க்க வேண்டும். பிபிசி நிகழ்ச்சிகளில் சோதித்த அடுத்த ஆய்வில் கணினி நூற்றுக்குச் சுமார் 47 சொற்களைப் பிடித்தது. தொழில்முறையில் உதடு படிப்பவர் 12 சொற்களை. பெரிய சாதனைதான். ஆனால் செவித்திறன் குறைந்த மனிதருக்கு உதடு ஏற்கெனவே தெரிகிறது. தெரிவதையே திரும்பப் படித்துக் காட்டும் கருவியால் அவருக்கு என்ன பயன்?

பேச்சை எழுத்தாக்கும் கைபேசிச் செயலிகள் மிகவும் உதவுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் எழுத்தைப் படிக்கக் குனிந்தால் முகம் விட்டுப்போகிறது. கேலியா கோபமா என்பது முகத்தில்தானே இருக்கிறது? அதனால் எழுத்து பேசுபவரின் முகத்தருகே தெரிய வேண்டும்.

இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் அப்டனின் விளக்கைத் தமிழுக்குச் செய்து பாருங்கள். பகரமும் மகரமும் பிரிந்தாலே போதும், முதல் படிக்கு. சோதனையை அமைதியான ஆய்வகத்தில் வைக்காதீர்கள். பேருந்து நிலையத்தில் வையுங்கள்.