காலையில் மடங்காத விரல்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் மும்பையில் வாதநோய் மருத்துவராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் மாட்டுங்கா, சயான், செம்பூர், தாராவி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அவர்களிடம் தனித்தனியாக, அவசர அவசரமாகச் சொல்லும் விஷயத்தை இன்று உங்கள் எல்லோரிடமும் நிதானமாகச் சொல்ல இந்த வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் (ஆர்.ஏ.), உடம்பின் பல மூட்டுகளைப் பிடிக்கும் நோய்தான். ஆனாலும் இன்று கைகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு அது முதலில் கைகளில்தான் தலைகாட்டுகிறது.

எப்படித் தலைகாட்டும்? "பால் பாக்கெட்டைப் பிரிக்க முடியவில்லை டாக்டர்" என்பார்கள். "தாழ்ப்பாளைத் தள்ள முடியவில்லை." "வளையல் கையில் ஏறவில்லை." தாதர் சந்தையில் பூ வாங்கி வந்து சரம் தொடுத்து விற்கும் ஒரு அம்மாள், "நார் விரலில் நிற்க மாட்டேன் என்கிறது, ஒன்பது மணிக்கு மேல்தான் கை என் பேச்சைக் கேட்கிறது" என்றார். அந்த ஒன்பது மணிதான் முக்கியம். வேலை செய்து களைத்த கை மாலையில் வலிக்கும், ஓய்வெடுத்தால் தேறும். முடக்குவாதம் பிடித்த கை இரவெல்லாம் ஓய்வெடுத்த பிறகு, காலையில்தான் மிக மோசமாக இருக்கும். விரல்கள் மடங்காது. அந்த இறுக்கம் அரை மணி நேரம், ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேல் நீடிக்கும். புழங்கப் புழங்கத்தான் இளகும்.

வீட்டில் உட்கார்ந்து கேட்பவர்கள் இப்போது கையை மூடிப் பாருங்கள். ரயிலில் கைப்பிடியைப் பிடித்தபடி கேட்பவர்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம். விரல்கள் கையோடு சேரும் இடத்தில் நான்கு கணு மேடுகளும் அவற்றுக்கிடையே பள்ளங்களும் தெரிகின்றன அல்லவா? அந்தப் பள்ளங்கள் தூர்ந்து புறங்கை மெத்தென்று உப்பியிருந்தால், அதிலும் இரண்டு கைகளிலும் அப்படி இருந்தால், கவனிக்க வேண்டும். யாராவது அன்போடு கைகுலுக்கும்போது அந்த வரிசை நெரிபட்டு உயிர் போகிற வலி வந்தால், அதையும் கவனிக்க வேண்டும். முடக்குவாதம் இந்த அடிக்கணுக்களையும், விரலின் நடுக்கணுக்களையும், மணிக்கட்டையும் பிடிக்கும். நகத்தை ஒட்டிய நுனிக்கணுவைப் பெரும்பாலும் விட்டுவிடும். வயதானவர்களின் நுனிக்கணுவில் கல் போலக் கெட்டியாகத் திரளும் முடிச்சு மூட்டுத் தேய்மானத்தைச் சேர்ந்தது. அது வேறு நோய், அதற்கு வைத்தியமும் வேறு.

உள்ளே நடப்பது இதுதான். மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. மூட்டு வழுக்கி அசைவதற்கான திரவத்தைச் சுரப்பது அதன் வேலை. கிருமிகளோடு போராட வேண்டிய நம் எதிர்ப்புச் சக்தி அந்தச் சவ்வையே தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்து, பக்கத்திலிருக்கும் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே எக்ஸ்ரேயில் அரிப்புத் தெரிந்துவிடுவது உண்டு. அரித்துப்போன எலும்பை எந்த மருந்தாலும் பழையபடி வளர்க்க முடியாது. விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்வதும், அன்னத்தின் கழுத்துப் போல வளைவதும் அதற்குப் பிறகு வருபவை. அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: காலை இறுக்கமும் வீக்கமும் ஆறு வாரத்தைத் தாண்டினால் வாதநோய் மருத்துவரைப் பாருங்கள். முதல் சில மாதங்களுக்குள் மருந்து தொடங்கியவரின் கைக்கும், மூன்று வருடம் வலி மாத்திரையில் ஓட்டியவரின் கைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

பரிசோதனை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்.ஏ. ஃபாக்டர், ஆன்டி சி.சி.பி., ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகளை எழுதிக் கொடுப்போம். முதல் இரண்டும் இந்த நோயில் ரத்தத்தில் காணப்படும் எதிர்ப்பொருள்களைத் தேடுபவை, மற்ற இரண்டும் உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டுபவை. ஆர்.ஏ. ஃபாக்டர் இல்லை என்று வந்ததுமே நோயும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். சிலருக்கு, குறிப்பாகத் தொடக்கத்தில், ரத்தத்தில் எதுவுமே காட்டாது. ஆர்.ஏ. ஃபாக்டர் இருந்து நோய் இல்லாதவர்களும் உண்டு. விரல்களால் தொட்டுப் பார்த்து வீக்கத்தைக் கண்டறிவதற்கு ஈடான ரத்தப் பரிசோதனை கிடையாது.

இனி மருந்து. இதைப் பற்றி எவ்வளவு நேரம் கொடுத்தாலும் பேசுவேன்.

முடக்குவாதம் என்று உறுதியானதும் பெரும்பாலானவர்களுக்கு நாங்கள் முதலில் எழுதுவது மெத்தோட்ரெக்ஸேட். சீட்டை வாங்கிக்கொண்டு போவார்கள். வீட்டில் மகனோ மருமகளோ கைப்பேசியில் தேடுவார்கள். புற்றுநோய் மருந்து என்று வரும். அதோடு சரி, மாத்திரை அலமாரிக்குள் போய்விடும். ஆறு மாதம் கழித்து வரும்போது விரல்கள் சாய்ந்திருக்கும். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் ஆறவில்லை. ஆகவே இந்த மருந்து எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எல்லாப்பிரகத சுப்பாராவ் 1895-இல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டு, அறுவை அரங்கில் கதர் அங்கி அணிந்தார். அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை, எம்.பி.பி.எஸ். கிடைக்க வேண்டியவருக்கு எல்.எம்.எஸ். என்ற கீழ்ச் சான்றிதழ்தான் கிடைத்தது. அதன் பிறகு சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு கற்பித்தார். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். ஹார்வர்டில் நெடுங்காலம் உழைத்துவிட்டு, 1940-இல் லெடர்லே என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அவருடைய குழு ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செயற்கையாக உருவாக்கியது. அடுத்து, அந்த ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் உருவாக்கியது. அவற்றில் ஒன்றுதான் மெத்தோட்ரெக்ஸேட். அதன் மூத்த உறவான அமினாப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்த முடிவுகள் 1948 ஜூனில் வெளிவந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் காலமானார்.

இன்னும் கேளுங்கள். அடுத்த மாதமே, அதாவது 1948 செப்டம்பரில், அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர் முடக்குவாதத்தில் படுத்திருந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். உலகமே வியந்தது, 1950-இல் நோபல் பரிசும் வந்தது. 1951-இல் அமினாப்டெரின் முடக்குவாதத்தைத் தணிக்கிறது என்று ஒரு குழு எழுதியபோது அதைக் கண்டுகொள்வார் இல்லை. ஸ்டீராய்டு எலும்பை மெலியவைக்கும், சர்க்கரையை ஏற்றும், முகத்தை வீங்கவைக்கும் என்பதெல்லாம் பிறகுதான் புரிந்தது. மெத்தோட்ரெக்ஸேட் முடக்குவாதத்துக்கு உதவுகிறது என்று முறையான ஆய்வுகள் வந்தது 1980-களின் நடுவில். அமெரிக்க அரசு அதற்கு இசைவு தந்தது 1988-இல். இடையில் போன அந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் எத்தனை கைகள் முடங்கின என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இன்று அந்த மருந்து மலிவாக, எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிறது. நாம் அதைப் பயந்து அலமாரியில் வைத்துப் பூட்டலாமா?

புற்றுநோய்க்கு ஒரே தடவையில் நூற்றுக்கணக்கான மில்லிகிராம், சில வேளைகளில் ஆயிரக்கணக்கிலும் கொடுப்பதுண்டு. முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு ஏழரை முதல் இருபத்தைந்து மில்லிகிராம்தான். வாரத்துக்கு என்று சொன்னேன், கவனித்தீர்களா? வாரம் ஒரு நாள். தினமும் அல்ல. வாரம் ஒரே ஒரு நாள். இதைத் தவறுதலாகத் தினமும் விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகி, வெள்ளணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. எனவே கிழமையைப் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். சனிக்கிழமை இரவு என்று வைத்துக்கொண்டால், மறுநாள் கொஞ்சம் குமட்டினாலும் வேலைக்கு ஓட வேண்டியதில்லை என்று பலர் சொல்கிறார்கள். செவ்வாய் விரதம் இருக்கும் ஒரு அம்மாள் முருகனோடு சேர்த்து நினைவிருக்கும் என்று செவ்வாயையே வைத்துக்கொண்டார். எந்தக் கிழமையானாலும் சரி, அதை மாத்திரை அட்டை மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். கூடவே, பக்கவிளைவுகளைக் குறைக்க ஃபோலிக் அமில மாத்திரையும் தருவோம், அதை வேறொரு நாளில் சாப்பிடுங்கள். அதுவும் சுப்பாராவின் ஆய்வுக்கூடத்துச் சொத்துதான்.

பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை சிலருக்குக் குறைந்த அளவில் ஸ்டீராய்டு கொடுத்துத் தாங்கிப்பிடிப்போம், பிறகு குறைத்துவிடுவோம். கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் முறையாகப் பரிசோதனை வேண்டும். மது வேண்டாம். குழந்தை பெற நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், கருவுக்கு இது ஆகாது. மாற்று மருந்துகள் இருக்கின்றன. மும்பை மழைக்காலத்தில் டெங்கு, எலிக்காய்ச்சல் என்று ஏதாவது வரும். கடுமையான காய்ச்சல் வந்தால் அந்த வாரத்து மாத்திரையை எடுக்காமல் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். வேறு மருத்துவரிடம் போனாலும் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். கோ-ட்ரைமாக்ஸசோல் என்ற கிருமிக்கொல்லி இதோடு சேரவே கூடாது.

இது மட்டும் போதாதவர்களுக்கு வேறு மாத்திரைகளைச் சேர்ப்போம். அதற்கும் மேல், எதிர்ப்புச் சக்தியின் குறிப்பிட்ட பகுதியைத் தடுக்கும் பயலாஜிக் ஊசிகள் இருக்கின்றன. அவற்றுக்கு முன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். பெயர் எழுதாத பொட்டலங்களில் பொடியாகக் கிடைப்பதை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். ஒரே நாளில் வலி பறந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகியுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் ஆகிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். சமையலறையில் கைகளைக் காப்பது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். காய்கறிப் பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கையில் மாட்டுங்கள். பாத்திரத்தை ஒற்றைக் கையால் காதைப் பிடித்துத் தூக்காமல், இரண்டு உள்ளங்கைகளாலும் தாங்கித் தூக்குங்கள். கத்தி, கரண்டியின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். காலையில் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து மெல்ல மடக்கி நீட்டுங்கள். மணிக்கட்டை அசையாமல் தாங்கும் ஸ்பிளின்ட் என்ற பட்டையைக் கைச் சிகிச்சையாளரிடம் அளவெடுத்து வாங்குங்கள். புகைப்பவர்கள் நிறுத்துங்கள், அது இந்த நோயை வளர்க்கிறது.

அறுவை சிகிச்சைக்கு வர நேரமே இல்லை. ஒன்றே ஒன்று மட்டும். இரவில் விரல்கள் மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று பொருள், மருத்துவரிடம் காட்டுங்கள். சுண்டுவிரலோ மோதிரவிரலோ வலியே இல்லாமல் திடீரென்று நிமிர மறுத்தால், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அறுந்திருக்கலாம். அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் அந்த வாரத்திலேயே கை அறுவை மருத்துவரைப் பாருங்கள். வணக்கம்.